மறைநூலை மார்போடு அணைத்த புனித எரோணிமுஸ்

நம் பங்கில் வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் திரு இருதயப் படத்தின் கீழ் விவிலியம் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அந்நூல் நாள்தோறும் திறக்கப்படுகிறதா? இக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பவல்ல ஒரு புனிதரை நினைவுகூர்வோம்.

எரோணிமுஸ் ஏறக்குறைய 347-ஆம் ஆண்டில், தல்மாத்தியா நாட்டு எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்தார். உரோமையில் தொனாத்துஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் கல்வி பயின்று, அந்நகரிலேயே ஞானஸ்நானமும் பெற்றார். சிசரோ முதலிய இலத்தீன் ஆசிரியர்களின் நூல்கள் என்றால் அவருக்கு உயிர். உலகைத் துறந்து கீழ்த்திசை சென்றபோதுகூட அந்நூல்களை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. உபவாசம் இருப்பார், உடனே சிசரோவைக் கையில் எடுப்பார். தீர்க்கதரிசிகளின் நடையோ அவருக்குக் கரடுமுரடாகத் தோன்றிற்று.

ஒரு தபசுகாலத்தில் கடும் காய்ச்சலில் கிடந்தபோது கனவொன்று கண்டார். நடுவர் ஆசனத்தின்முன் நிறுத்தப்பட்ட அவர், தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டார். அவர் சிசரோவின் சீடரேயன்றிக் கிறிஸ்துவின் சீடரல்லர் என்று மறுமொழி வந்தது. அன்று முதல், முன்பு உலக நூல்களில் காட்டிய ஆர்வத்தினும் மிகுந்த ஆர்வத்தோடு மறைநூலை ஓதலானார். சிரியா நாட்டுப் பாலைவனத்தில், மனம் மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்றார். பலமுறை சோர்ந்து கைவிட்டார். மீண்டும் மீண்டும் தொடங்கினார்.

382-இல் அவர் உரோமைக்குத் திரும்பினார். அக்காலத்து இலத்தீன் பிரதிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தமையால், சுவிசேஷங்களைத் திருத்தி அமைக்கும் பணியைப் பாப்பரசர் தமாசுஸ் அவரிடம் ஒப்படைத்தார். மார்செல்லா, பவுலா முதலிய உயர்குடிப் பெண்கள் அவரிடம் மறைநூல் பயின்றனர். பவுலா எபிரேய மொழியிலேயே சங்கீதங்களைப் பாடக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் பவுலாவின் பேத்தியை வளர்க்கும் முறைபற்றி அக்குழந்தையின் தாய்க்குக் கடிதம் எழுதியபோது, மறைநூலில் ஒரு பகுதியைக் குழந்தை அன்றாடம் ஒப்புவிக்க வேண்டுமென்று எரோணிமுஸ் அறிவுறுத்தினார். அன்றாட வாசிப்பு குருக்களுக்கும் துறவிகளுக்கும் மட்டுமே உரியதென்று அவர் கருதவில்லை.

386 முதல் பெத்லகேமில் தங்கி, பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து இலத்தீனில் பெயர்த்தார். அப்பணி 405-ஆம் ஆண்டளவில் முடிந்தது. அவர் சாந்தமான மனிதர் அல்லர். முன்கோபி, கூரிய நாவினர், நெருங்கிய நண்பராயிருந்த ருபீனுஸோடும் பகைத்துக்கொண்டார். பிறவிக் குணத்தோடு இறுதிவரை போராடிய ஒருவரையே இறைவன் தம் வார்த்தையின் ஊழியராக்கினார் என்பது நமக்கு ஆறுதலல்லவா!

410-இல் உரோமை சூறையாடப்பட்டது. உடைமை இழந்து ஓடிவந்தோர் பெத்லகேமை அடைந்தனர். அப்போது எசேக்கியேல் ஆகமத்திற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்த எரோணிமுஸ் எழுதுகோலைக் கீழே வைத்தார். அகதிகளுக்கு உணவும் இடமும் தேடலானார். வாசித்த வார்த்தையை வாழ்ந்துகாட்டும் வேளை அதுவெனக் கண்டார். பின்னர் இரவில் விளக்கொளியில் அப்பணியைத் தொடர்ந்தார். பார்வை மங்கி எபிரேய எழுத்துகள் தெரியாமற்போன காலத்திலும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 420-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஆண்டவரில் துயில்கொண்டார். அந்நாளே அவர் திருநாள்.

எபிரேயம் கற்கும் சிரமம் நமக்கு இல்லை. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு நம் தாய்மொழியிலேயே கிடைக்கிறது. மாலையில் ஜெபமாலை முடிந்ததும் அன்றைய நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். சற்று நேரம் மௌனமாயிருந்து, நம் மனத்தைத் தொட்ட ஒரு சொல்லைப் பற்றிக்கொள்வோம். மறுநாள் கடன் கேட்டு வருபவரிடமும், பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்டை வீட்டாரிடமும் அச்சொல்லுக்கேற்ப நடப்போம். நூலை மூடி அகதிகளிடம் சென்ற புனிதர் காட்டிய வழி இதுவே. புனித எரோணிமுஸ் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக!