நாணலை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

பொங்கற் கரும்பைப் பிளக்கும்போது சில சமயம் உள்ளே சிவந்திருக்கும்; குறுக்கே வெண்திட்டுகளும் புளித்த வாடையும் இருக்கும். இது செவ்வழுகல் என்னும் பூஞ்சை நோய். வயலில் பரவிவிட்டால் மருந்தடித்துத் தீர்ப்பது அரிது. எதிர்க்கும் ஆற்றல் கரும்பின் மரபணுக்களிலேயே அமைந்திருக்க வேண்டும். அந்த ஆற்றலைத் தரும் காட்டு உறவுகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஈ.கே. ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4 அன்று தலசேரியில் பிறந்த அம்மையார், அவ்வூர்த் திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பின்பு சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றார். உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் தடித்த இனிப்புக் கரும்பை நாணலோடு கலந்து, 'கோ' என்ற பெயரில் புதிய வகைகளை முன்பே உண்டாக்கியிருந்தனர். இனிப்பு கரும்பினுடையது, நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிமை நாணலினுடையது. ஆற்றோரத்தில் யாரும் மதியாத புல்தான் அது! எதிர்ப்பு மரபணு பெற்ற கரும்பு, பூஞ்சை நுழைந்த இடத்திலேயே அதற்கு நஞ்சான பொருள்களைச் சுரந்து தடுத்துவிடும். அது இல்லாத கரும்பில் நோய் கணு தாண்டி ஓடும்.

அம்மையார் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இவற்றின் குரோமோசோம்களை எண்ணினார். இனிப்புக் கரும்பில் 80. நாணலிலோ இடத்திற்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்தும் 1938-இல் வெற்றி கண்டார். ஆண்களே நிறைந்த அந்நிலையத்தில் தனித்த ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை எளிதாக இல்லை.

நாணலின் தேவை இன்றும் தீரவில்லை. 2009-இல் வெளியான கோ 0238 வட இந்தியாவில் பெரும் விளைச்சல் தந்தது. பூஞ்சை தன்னை மாற்றிக்கொண்டதும் அதுவே செவ்வழுகலுக்கு இரையாயிற்று. ஆய்வாளர் மீண்டும் காட்டு உறவுகளை நாடுகின்றனர்.

இலண்டனில் பணியாற்றி, டார்லிங்டனுடன் 1945-இல் பயிர்களின் குரோமோசோம் நூலை வெளியிட்ட அம்மையார், நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார். நாம் காஞ்சியிலிருந்து சென்னை செல்லும் வழியிலுள்ள மதுரவாயலில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இறுதிவரை உழைத்து, 1984 பிப்ரவரி 7 அன்று காலமானார்.