எலி வளர்த்த விஞ்ஞானி ஹால்டேன்

உறையூர் சுருட்டுக்குப் பேர்போன ஊர். சுருட்டுச் சுற்றும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மூக்கு வழி சொல்லும். ஆனால் எல்லா மூக்கும் ஒன்றல்ல.

1977-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சுண்டெலிகளுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். வியர்த்த காலின் நாற்றமுடைய ஓர் அமிலத்தை முகரச் செய்து, பின்பு உடம்புக்கு ஆகாத மருந்தைக் கொடுத்தார்கள். மறுபடி அந்த நாற்றம் வந்ததும் எலிகள் விலகி ஓடின. ஒரு வம்சத்து எலிகள் மட்டும், நாற்றம் லேசாக இருந்தால், அசையவே இல்லை. மக்கு எலிகளா? இல்லை. வேறு வாசனைகளைக் கொண்டு கற்பித்தால் அவையும் கற்றுக்கொண்டன. குறை புத்தியில் இல்லை; மூக்கில் இருந்தது. அதுவும் பரம்பரையாக வந்த குறை.

இத்தகைய குறை எந்த மரபணுவில் ஒளிந்திருக்கிறது என்று தேட எலியில் முதல் வழி திறந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

ஹால்டேன் 1892-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையும் விஞ்ஞானி, சுரங்கத்து விஷக்காற்றை ஆராய்ந்தவர். தங்கை நவோமி வீட்டுப் புல்வெளியில் சீமைப் பெருச்சாளிகளை வளர்க்க, அண்ணனும் சேர்ந்துகொண்டார். பிறகு எலிகள் வந்தன. ஸ்ப்ரன்ட் என்ற நண்பரும் கூடினார். எலியை வெளுக்கச் செய்யும் மரபணுவும், கண்ணைச் சிவக்கச் செய்யும் இன்னொரு மரபணுவும் ஒரே வண்டியில் ஏறியவர்கள் போல, பெரும்பாலும் சேர்ந்தே குட்டிக்கு வருவதைக் கண்டார்கள். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்! ஒருவர் விலாசம் தெரிந்தால் மற்றவரைத் தேடிவிடலாம் அல்லவா?

அதற்குள் முதல் உலக யுத்தம் மூண்டது. ஸ்ப்ரன்ட் 1915-ல் போர்க்களத்தில் மாண்டார். ஹால்டேனும் பிரான்ஸில் பதுங்குகுழியில் இருந்தார். மூவர் பெயரிலும் அதே வருஷம் கட்டுரை வெளியாயிற்று. 80 வருஷம் கழித்து, 1995-ல், காலின் நாற்றம் அறியாத எலிகளின் குறை இருக்கும் இடத்தை இதே முறையில்தான் சுட்டினார்கள்.

பிரிட்டிஷ் சர்க்கார் 1956-ல் எகிப்தின்மீது படையெடுத்தது ஹால்டேனுக்குப் பிடிக்கவில்லை. 1957-ல் கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு வந்துவிட்டார். அறுபது வருஷம் காலுறை மாட்டியது போதும் என்பதும் ஒரு காரணமாம்! ஜிப்பா அணிந்தார், இந்தியப் பிரஜையானார். 1962-ல் புவனேசுவரம் போய் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். புற்றுநோய் அவரை விடவில்லை. 1964 டிசம்பர் 1-ல் அங்கேயே காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குப் போயிற்று.