எஜமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி



இன்னைக்கு ஒரு நாடக ஆசிரியரைப் பத்திச் சொல்லப் போறேன். நம்ம பக்கத்துல நாடகம் எதுக்குன்னு கேட்காதீங்க, கடைசியில புரியும்.

பம்மல் சம்பந்த முதலியார் 1873-ல் சென்னையில் பிறந்தவர். 1891-ல் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்தார். தமிழிலும் இப்படிச் செய்யணும்னு அதே வருஷம் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிட்டார். அப்போ அவருக்கு வயசு 18.

படிச்சவங்க மேடை ஏறினா 'கூத்தாடி'ன்னு இளக்காரமாப் பேசின காலம் அது. அவர் வக்கீலானார், நீதிபதியும் ஆனார். நாடகத்தை மட்டும் விடவே இல்லை. 90-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

அதில் எனக்குப் பிடிச்சது 'சபாபதி'. பணக்கார எஜமானுக்கும் அந்தப் பேர்தான், வேலைக்காரனுக்கும் அதே பேர்தான். எஜமான் என்ன சொன்னாலும் வேலைக்காரன் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்குவான். வேலை கெட்டுப்போகும், நமக்குச் சிரிப்பு வரும். ஆனா கவனிச்சுப் பாருங்க, எஜமானும் ஒண்ணும் பெரிய அறிவாளி கிடையாது! ரெண்டு பேருக்கும் ஒரே பேர் வெச்சதுலயே விஷயம் இருக்கு. யாரையும் மட்டம் தட்டாத சிரிப்பு அது. 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த படத்தை இப்பவும் பார்க்கலாம்.

இதை நான் ஏன் சொல்றேன்னா, போன மாசம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர், நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே செஞ்சு வெச்சார். எல்லாமே தப்பாப் போச்சு. குரூப்ல அவரை வெச்சு நான் ஒரு ஜோக் அடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவர் மட்டும் சிரிக்கலை. அன்னைக்கு ராத்திரி 'சபாபதி' பார்த்தப்போதான் உறைச்சது. தப்பு நான் எழுதிக் கொடுத்ததுல இருந்தது. நானும் ஒரு சபாபதிதான்! மறுநாள் அதே குரூப்ல மன்னிப்புக் கேட்டேன்.

இப்போ நம்ம விஷயம். ஊரையே சிரிக்க வைத்த இந்த மனுஷன்தான் முருகன் கோயில்களைத் தொகுத்து 'சுப்பிரமணிய ஆலயங்கள்'னு ஒரு புத்தகமும் எழுதினவர். 1959-ல் பத்மபூஷண் பெற்று, 1964-ல் தன் 91-வது வயசுல மறைந்தார்.

இன்னைக்கு யாரையாவது கிண்டல் பண்ணத் தோணினா, அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்களான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!