சிங்காரவேலரின் கட்சியும் தொழிற்சங்கமும்

ம. சிங்காரவேலர் (1860–1946) சென்னைக் கடற்கரை மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரானவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது அத்தொழிலைத் துறந்தார். பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் 1921இல் நிகழ்ந்த நீண்ட போராட்டம், சங்கம் மட்டும் போதுமா என்னும் வினாவை வடசென்னையில் எழுப்பியிருந்தது. 1.5.1923 அன்று கடற்கரையில் மேதினம் கொண்டாடி, இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அவர் தொடங்கினார்.

பிரித்தானியத் தொழிற்கட்சி, தொழிற்சங்கங்களும் சோசலிச அமைப்புகளும் 1900இல் கூடி அமைத்த குழுவிலிருந்து வளர்ந்தது; சங்கச் சந்தாவே அதன் நிதிக்கு அடித்தளம். சென்னையிலோ, 1918 முதல் தொழிலாளர் சங்கம் இருந்தும், கட்சி அதன் கிளையாக எழவில்லை. உறுப்பினர் சந்தாவைவிடத் தலைவரின் உழைப்பையே அது பெரிதும் சார்ந்திருந்தது எனக் கருதலாம். அவர் நடத்திய ‘தொழிலாளன்’ இதழும் அவ்வகையினதே. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவரது சிந்தனையைப் போற்றும் ஆய்வுகள் இக்கணக்கைத் தொடுவதில்லை.

1925இல் கான்பூர் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமையேற்றார். 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் பணிமனைத் தொழிலாளரோடு நின்றமைக்காகப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார், 1930இல் விடுதலையானார். அப்போது அவருக்கு வயது எழுபது.