உதயகிரியின் பெரிய கப்பித்தான்



புனித தேவசகாயம் பிள்ளையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் அய்யலூர்ப் பங்கில் இராது. 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். ஆனால் அவருக்குக் கிறிஸ்துவை முதன்முதலில் எடுத்துரைத்தவரை நினைப்போர் மிகச் சிலரே. அவர் குருவானவருமல்லர், உபதேசியாருமல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த ஒரு போர்வீரர். யூஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய் என்பது அவர் பெயர். இல்லறத்தார் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமென்று கருதி, அவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஃபிளாண்டர்ஸ் வழிவந்த கத்தோலிக்கரான டிலனாய், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து நம் நாட்டிற்கு வந்தார். 1741-இல் குளச்சலில் அப்படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்தார். பிடிபட்ட ஐரோப்பியருள் டிலனாயும் ஒருவர். அவரைக் கடற்படைத் தலைவர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னது. சாதாரணக் கைதியாகத்தான் அவர் மன்னர் முன் நின்றார். மன்னர் அவர் திறமையை அறிந்து தம் பணியில் அமர்த்திக்கொண்டார்.

தக்கலைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையை அவர் வலுப்படுத்தினார். அங்கே பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார். நாட்டு வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் அளித்தார். நாளடைவில் படைத்தலைவராக உயர்ந்தார். பெரிய கப்பித்தான் என்னும் பொருளில் மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றழைத்தார்கள். மார்கரெட் என்பவரை மணந்தார்; யோவான் என்றொரு மகன் பிறந்தான்.

அக்காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, கோட்டை வேலையின் பொருட்டு அவரோடு பழகினார். நட்டாலத்தைச் சேர்ந்த வசதியான குடும்பம் அவருடையது. அக்குடும்பத்தில் அடுக்கடுக்காகத் துன்பம் வந்தது, ஆடுமாடுகள் மடிந்தன. கால்நடையை நம்பிப் பிழைக்கும் நம் ஊராருக்கு அந்தத் துயரத்தை விளக்கவேண்டியதில்லை. முகம் வாடி நின்ற நண்பருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். எத்தனையோ மறுமொழிகள் இருக்க, அனைத்தையும் இழந்தும் இறைவனை விடாதவரின் கதையை அவர் தேர்ந்தெடுத்ததை எண்ணி நான் வியப்பதுண்டு. கைதியாக இருந்தவருக்கு யோபுவை நன்றாகவே தெரிந்திருக்கும். பின்னர் வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குரு புத்தாரியிடம் நண்பரை அனுப்பி வைத்தார். 1745 மே 14-ஆம் நாள் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன் விலையை நாம் அறிவோம். 1749-இல் தேவசகாயம் சிறைப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். தாகத்தால் தவித்த அவர் முழங்கையால் தட்ட நீர் சுரந்ததாக மரபு கூறும் முட்டிடிச்சான் பாறை, உதயகிரிக் கோட்டைக்கு வெகு அருகில், புலியூர்க்குறிச்சியில்தான் இருக்கிறது. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நண்பரைக் கொன்ற அரசின் படைக்கு டிலனாய் தொடர்ந்து தலைமை தாங்கினாரே, இது தகுமா என்று சிலர் கேட்பர். கேட்கத்தக்க கேள்விதான். அந்நாளில் அவருக்கு வீட்டில் மனைவியும் ஆறேழு வயதுப் பிள்ளையும் இருந்தார்கள். திரும்பிப் போகத் தாய்நாட்டுப் படையும் இல்லை. அவர் வாளை வீசியெறியவில்லை, விசுவாசத்தையும் விடவில்லை. அவரைத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. உறங்காத இரவுகள் பல அவருக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1758-இல் மார்த்தாண்ட வர்மா மறைந்தபின் தர்மராஜா ஆட்சியிலும் அவர் பணி தொடர்ந்தது. 1755-இல் நம் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்து வலிமை பெற்ற ஹைதர் அலியை நினைத்துத் திருவிதாங்கூர் அஞ்சிய காலம் அது. வடக்கெல்லையில் கடற்கரை தொடங்கி மலையடிவாரம் வரை நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரண் டிலனாயின் மேற்பார்வையில் எழுந்தது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அங்கேதான் முறிந்தது. அதைக் காண டிலனாய் உயிரோடில்லை.

அதற்கு முன்பே அவர் வீட்டில் இடி விழுந்திருந்தது. தந்தையைப் போலவே படையில் சேர்ந்த யோவான், 1765-இல் களக்காட்டுப் போரில் மடிந்தான். அப்போது அவனுக்கு ஏறத்தாழ இருபது வயது. நண்பருக்குச் சொன்ன யோபுவின் கதையைத் தகப்பனார் இம்முறை தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. மேலும் 12 ஆண்டுகள் பணியாற்றி, 1777 ஜூன் முதல் நாள், தம் 62-ஆம் வயதில் உதயகிரியில் இறைவனடி சேர்ந்தார்.

கோட்டைக்குள் சிதைந்து நிற்கும் சிற்றாலயத்தில் டிலனாயும் மனைவியும் மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். டிலனாயின் கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. காற்றாடி மலைக்கும் கோட்டாறுக்கும் திருயாத்திரை செல்லும் நம் மக்கள், முட்டிடிச்சான் பாறையில் செபித்தபின் சற்று நடந்து இக்கோட்டைக்குள்ளும் சென்று, அம்மூவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லி வரலாம்.