மனிதக் கணினி இராதாநாத் சிக்தார்

கணினி என்றதும் நம் பள்ளி ஆய்வகத்தில் வரிசையாக இருக்கும் இயந்திரங்கள்தாம் நினைவுக்கு வரும். மழையளவு, நிலத்தடி நீர்மட்டம், மலையின் உயரம் எதுவாயினும் நொடியில் கணக்கிட்டுத் தந்துவிடுகின்றன. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் 'கம்ப்யூட்டர்' என்பது ஒரு மனிதர் வகித்த பதவியின் பெயர்! அப்பதவியில் அமர்ந்த நம் நாட்டவர் ஒருவரைப் பற்றிக் கூற விழைகிறேன்.

இராதாநாத் சிக்தார் 1813 ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கல்கத்தாவில் பிறந்தார். இந்துக் கல்லூரியில் உயர்கணிதம் பயின்றார். 1831 இல் நில அளவைத் துறையில் ஜார்ஜ் எவரெஸ்ட் துரையிடம் பணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. நம்மைவிட மூன்றே வயது மூத்தவர்! இந்தியாவையே முக்கோணங்களாக அளந்த அப்பெரும் பணி, 1802 இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் துரையால் தொடங்கப்பட்டதாகும்.

அக்காலத்தில் நேபாளத்திற்குள் நுழைய அனுமதி இல்லை. எனவே நூறு மைலுக்கும் அப்பாலிருந்து, சமவெளியில் தியோடலைட் கருவியை வைத்துச் சிகரங்களின் கோணங்களை அளந்தனர். அவ்வளவு தொலைவு வரும் ஒளி காற்றில் வளைந்துவிடும், பூமியோ உருண்டை. வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றிற்கும் திருத்தம் செய்தாக வேண்டும். இத்தனையும் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கையால் போட்ட கணக்கு! (நாம் ஒரு திரிகோணமிதிக் கணக்குக்கே எத்தனை முறை அழிப்பானைத் தேடுகிறோம்!) கணக்கிட்டவர்கள் பலர். எனினும் பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என 1852 இல் முதலில் கண்டவர் தலைமைக் கணக்கரான சிக்தார் என்றே கூறுவர். அப்போது கண்ட உயரம் 29,002 அடி. 2020 இல் செயற்கைக்கோள் துணையுடன் அளந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். வேறுபாடு ஏறத்தாழ முப்பதே அடி! ஆனால் சிகரத்திற்கு வைத்ததோ, 1843 இலேயே ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிவிட்ட எவரெஸ்ட் துரையின் பெயர்.

அதே 1843 இல், தம் துறைக் கூலியாட்களைக் கூலியின்றிச் சுமை தூக்கவைத்த ஆங்கிலேய நீதிபதியின் மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார் சிக்தார். அதற்காக இருநூறு ரூபாய் அபராதமும் கட்டினார். பின்னர்க் கல்கத்தா வானிலை ஆய்வுக்கூடத்திற்கும் பொறுப்பேற்றார். 1854 இல், பெண்களும் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய வங்காளத்தில் நண்பர் பியாரிசந்த் மித்ராவுடன் ஒரு மாத இதழும் நடத்தினார்.

இறுதி நாட்களை அவர் கழித்த ஊர் எது தெரியுமா? சந்திரநாகூர்! நம் புதுச்சேரியைப் போலவே அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். நம் கடற்கரையில் சிலையாய் நிற்கும் துய்ப்ளேக்ஸ் இங்கு ஆளுநராகுமுன் ஆண்டதும் அவ்வூரைத்தான். அங்கே 1870 மே 17 அன்று சிக்தார் காலமானார்.

நில அளவை பற்றிய அரசாங்க நூல் 1851 இல் வெளிவந்தபோது, அதன் கணக்குப் பகுதிகளை எழுதிய அவருக்கு முன்னுரையில் நன்றி கூறியிருந்தனர். அவர் மறைந்தபின் 1875 இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் பெயரையே நீக்கிவிட்டனர். இறந்தவர் எப்படி வந்து கேட்பார்? ஓர் ஆங்கிலப் பத்திரிகைதான் அதைத் திருட்டு என்று கண்டித்தது. 2004 இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.