லேபிள் பிரிண்டர் செட்டிங்ஸில் ஒரு தந்தி ஊழியர்! யார் இந்த எமீல் போடோ?

கொரியர் பார்சல்ல ஒட்டியிருக்கும் பார்கோடு லேபிளைப் பார்த்திருப்பீங்க. அதை அச்சடிக்கும் பிரிண்டரை சீரியல் கேபிளில் இணைத்தால், முதலில் சரிபார்க்க வேண்டியது ‘பாட் ரேட்’. அதாவது, நொடிக்கு எத்தனை சிக்னல் என்ற கணக்கு. கம்ப்யூட்டரில் 9600, பிரிண்டரில் 19200 என்று இருந்தால் லேபிள்ல வர்றது வெறும் கிறுக்கல்தான். அந்த ‘பாட்’, ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம்.

விவசாயி மகன்

எமீல் போடோ, 1845 செப்டம்பர் 11 அன்று பிரான்ஸில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு தொடக்கப் பள்ளியோடு சரி. 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார்.

அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒரு கம்பியில் ஒரு ஆபரேட்டர் தட்டுகிற வேகத்துக்குத்தான் செய்தி போகும். கம்பியோ அதைவிட பல மடங்கு தாங்கும். ஒரே கம்பியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தினால் என்ன? இந்த யோசனைக்கு 1874-ல் காப்புரிமை பெற்றார். 1877-ல் பாரிஸ் - போர்தோ தடத்தில் சோதனை நடந்தது.

அச்சாகாத குறி

அவருடைய கீபோர்டில் ஐந்தே கட்டைகள். இடது கைக்கு 2, வலது கைக்கு 3. கருவி எழுப்பும் ‘க்ளிக்’ சத்தத்துக்குத் தாளம் தப்பாமல் அழுத்தணும். தப்பினால் எழுத்து மாறிவிடும். இன்று பாட் ரேட் பொருந்தாதபோது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஐந்து கட்டைகளில் 32 சேர்க்கைகள்தான் கிடைக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் சேர்த்து இது போதாது. அதனால் சில சேர்க்கைகளை எதையும் அச்சிடாத கட்டளைகளாக ஒதுக்கினார்கள். ‘இனி வருவது எண்’, ‘இனி வருவது எழுத்து’ என்று கருவிக்குச் சொல்வதே அவற்றின் வேலை. பின்னாளில் டொனால்ட் மர்ரே இந்தக் குறியீட்டை மாற்றியமைத்தபோது, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்குப் போ என்ற கட்டளைகளும் சேர்ந்தன.

இன்றைய லேபிள் ஸ்கிரிப்ட்டிலும் இதே வழிதான். ஜீப்ரா பிரிண்டர்களின் இசட்பிஎல் மொழியில் ‘^’ குறி வந்தால், அடுத்து வருவது அச்சிட வேண்டிய எழுத்து இல்லை, கமாண்ட் என்று பிரிண்டர் புரிந்துகொள்ளும். லேபிளின் அகலம், எழுத்தின் இடம், எத்தனை பிரதிகள் என எல்லாம் இப்படித்தான் செட் ஆகின்றன.

விற்கப்பட்ட பதக்கம்

1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் போடோவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனா ஆராய்ச்சிக்கு அவரே செலவழிக்க வேண்டியிருந்ததால், அந்தப் பதக்கத்தையே விற்றுவிட்டார். உடல்நலக் குறைவு வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. 1890-ல் திருமணம் நடந்தது. மூன்றே மாதத்தில் மனைவி இறந்துபோனார். 1903 மார்ச் 28 அன்று, 57 வயதில் போடோவும் காலமானார்.

பதக்கம் கையில் தங்கவில்லை. பெயர் மட்டும் உலகம் முழுக்கப் புழங்கும் அளவையாகிவிட்டது. அடுத்த முறை லேபிளில் கிறுக்கல் வந்தால், பிரிண்டரைத் தட்டுவதற்கு முன்னாடி இரண்டு பக்கமும் பாட் ரேட் ஒன்றுதானா என்று பாருங்க. போடோ கேட்டதும் அதே தாளப் பொருத்தம்தான்.